மிஷின் இருந்த பங்கு

எங்கள் வீட்டுத் தையல் மிஷின் என்ன விலைக்கு வந்தது என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் என் மாமியார் பாப்பம்மாள் பதில் சொல்லுவாள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அது ஒரு காட்டின் விலை. இரவல் கேட்டு வந்தவர்களிடம் அது உயிரின் விலை. கைமாற்றுக் கேட்டு வந்தவர்களிடம் மட்டும் அது ஓசியில் வந்த பழைய இரும்பு. உண்மையில் நடந்தது இதுதான். கொடைக்கானலில் டீச்சராக இருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறாள். கிழங்கு மூட்டை இறக்கப் போன என் மாமனார், கிழங்கு விற்ற காசை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர் பூண்டிக்கு ஒழுங்கான ரோடு இல்லாத காலம். தைக்கிற தலை குதிரை மேலும், மிதிக்கிற இரும்புக் காலும் பலகையும் ஆள் தோளிலும் வந்தன என்பார்கள். வந்து இறங்கிய பிறகுதான் வீட்டில் ஒருவருக்கும் தைக்கத் தெரியாது என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு அதன் விலை ஏறியதும் இறங்கியதும் பெரிய கூத்து. மழை அதிகமாகிப் பூண்டு அழுகிய வருஷங்களில் மன்னவனூரில் ஒருவரிடம் அடகுக்குப் போகும். அவர் தலையை மட்டும் சாக்கில் சுற்றி வாங்கி வைத்துக்கொள்வார். காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு ஒரு காலத்தில் வத்தலக்குண்டுக் கடைக்காரர் ஒருவர், புது மிஷின் எடுத்தால் பழையதற்குப் பேருக்கு ஏதோ கழித்துக்கொள்கிறேன் என்றார். பழைய இரும்பு எடுக்க வருகிறவரோ கண்ணாலேயே எடை போட்டு, ரெண்டு பிளாஸ்டிக் குடம் தருகிறேன் என்றார். மாமியார் அவரை வாசலை விட்டு இறக்கிய வேகத்தில் அவர் கொண்டுவந்த குடத்தில் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் வீட்டில் புழங்குகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விலை சொன்னவர்கள் காரில் வந்த ரெண்டு பேர். பழைய சிங்கர் மிஷின் ஊசிக்குள் ஏதோ பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ போனில் கிளப்பிவிட்ட புரளியை நம்பி மலை ஏறி வந்திருந்தார்கள். ஊசிக்குப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுபோனால் டவர் போய்விடுமாம். போனால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தமாம். கொண்டுபோனார்கள். டவர் இல்லை. எங்கள் ஊரில் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும், ஆட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் டவர் இருக்காது என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. ஆள் மாற்றி ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தொகை சொன்னார்கள். இவ்வளவு தருகிறான் என்றால் இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று மாமியார் மாட்டேன் என்றுவிட்டாள். காரில் ஏறும்போது அங்கேயும் டவர் இல்லாததை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரவே இல்லை. அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லியே மாமியார் கடைசிவரை பெருமூச்சு விட்டாள்.

எனக்கு அதன் விலை வேறு. நான் அய்யம்பாளையத்துக்காரி. அடிவாரத்து வெயிலில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்தக் குளிரில் போட்டார்கள். கல்யாணமாகி வந்த மறு வாரமே பூண்டுக் காட்டில் இறக்கிவிட்டார்கள். பூண்டு என்றால் நடவுக்கும் குனியணும், களைக்கும் குனியணும், பிடுங்கவும் குனியணும். ஒரு மழைநாளில் படிக்காட்டின் கற்சுவரிலிருந்து வழுக்கிக் கீழ்ப் பாத்தியில் விழுந்தேன். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் குனிந்து வேலை செய்யக்கூடாது என்றார். அதை வீட்டில் வந்து சொன்னபோது, குனியாமல் இந்த மலையில் என்ன பிழைப்பு இருக்கிறது என்று மாமியார் கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்போதுதான் மூலையில் சேலை போர்த்திக் கிடந்த மிஷின் என் கண்ணில் பட்டது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதைத் தவிர அதற்கு ஒரு சோலியும் இல்லை. எனக்கு ஊரில் தையல் கிளாஸ் போன பழக்கம் இருந்தது. தூசி தட்டி, எண்ணெய் விட்டு, உட்கார்ந்தேன். ஜாக்கெட், நைட்டி, பள்ளிக்கூட யூனிபாரம் என்று துணி வர ஆரம்பித்தது. காசும் கொஞ்சம் வந்தது. அதோடு என்னைக் காட்டுக்குக் கூப்பிடுவது நின்றது. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நான் குனிய வேண்டியதில்லை. அது குனியாமல் கிடைத்த சோறு. அதற்கு மேல் அதற்கு நான் ஒரு விலையும் வைத்ததில்லை.

ஆனால் இதையெல்லாம் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. நல்ல பொருளை நல்லது என்று சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை, கண் பட்டுவிடும். ஜாக்கெட் வாங்க வருகிறவள், "நல்ல மிஷினுக்கா, சத்தமே இல்ல" என்றால், உடனே நான் "என்னத்த நல்ல மிஷினு, பழைய இரும்பு, இதோட மல்லுக்கட்டியே எம் முதுகு போச்சு" என்பேன். கொழுந்தன் சக்திவேல் கொடைக்கானலிலிருந்து வரும்போதெல்லாம், "என்ன மதினி, இன்னும் இதுகூடத்தானா?" என்று கேட்பான். "இந்தச் சனியன் என்னைக்கு என்னைய விட்டுத் தொலையுமோ" என்பேன். சொல்லிவிட்டு அவன் போனதும் துணியால் துடைத்து வைப்பேன்.

மாமியார் போன மாசியில் போய்ச் சேர்ந்தாள். காடு மாமனார் காலத்திலேயே பிரித்தாயிற்று. வீட்டுச் சாமான்தான் பாக்கி. எங்கள் ஊரில் பங்கு பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எடுக்கணும். எது நமக்கு மிஞ்சும் என்று தெரியாததால் வைக்கிறவன் ரெண்டையும் சமமாகத்தான் வைப்பான். எடுத்தவுடன் ஊர்ப் பெரியவர் ரெண்டு பங்குக்கும் கோயில் திருநீறு போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அது வேணும் இது வேணும் என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அண்ணன் தம்பி உறவு அன்றோடு சரி.

மிஷின் எனக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்க முறை இல்லை. பங்கு வைக்கிறது என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி, எடுக்கப்போகிறது சக்திவேல். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன்.

சக்திவேல் கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் கார் ஓட்டுகிறான். நாயுடுபுரத்தில் வாடகை வீடு. அவன் பெண்டாட்டி தாரணி பழனிக்காரி, அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. அவளுக்குத் தையலும் தெரியாது, பழைய சாமான் என்றால் ஆகவும் ஆகாது. அதனால் பித்தளை அண்டா, டிவி, கிரைண்டர், இரும்புக் கட்டில், கம்பளி என்று உருப்படியானதை எல்லாம் ஒரு பக்கம் வைத்தேன். இன்னொரு பக்கம் ஓட்டைத் தவலை, மருந்து அடிக்கிற பழைய டப்பா, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. அதற்கு நடுவில் மிஷின். பெல்ட்டைக் கழற்றித் தொங்கவிட்டேன். டிராயரில் வெட்டுத்துணியை அடைத்துப் பாதி திறந்து வைத்தேன். பார்க்கிறவனுக்கு அது பழைய இரும்பாகத் தெரியணும், அவ்வளவுதான். அவன் நல்ல பங்கை எடுத்துக்கொண்டு போவான், குப்பை எங்களுக்கு மிஞ்சும், குப்பையோடு மிஷினும் மிஞ்சும். அண்டாவும் டிவியும் போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கம்பளிக்குத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் சாமானைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"மிஷின அங்கிட்டா வைக்கச் சொல்ற?"

"அங்கிட்டுத்தாங்க. நல்லதெல்லாம் ஒரு பக்கம் கெடந்தா அவங் கண்ணு அங்கதான போகும். இது நமக்கு மிஞ்சும்."

"ம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டிரங்குப் பொட்டியையும் அங்கிட்டே வச்சிரவா?" என்றார்.

இப்படி ஒரு புருஷன் வாய்த்ததற்கு அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் ஞானவேல் மாமா திருநீற்றுத் தட்டோடு வந்தார். சக்திவேலும் தாரணியும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். மாமா ரெண்டு பங்கையும் பார்த்தார். இப்படி ஒரு பங்கை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் வைக்கிறவன் பாடு என்று விட்டுவிட்டார்.

"ஏலே சக்தி, நல்லாப் பாத்துக்க. ரெண்டுல ஒண்ண எடு. பெறகு அது நொட்ட, இது நொட்டன்னு வரப்புடாது."

சக்திவேல் சாமானைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்கு இந்தப் பங்கு போதும் மாமா," என்று மிஷின் மேல் கை வைத்தான்.

தாரணி அவன் முழங்கையைக் கிள்ளுகிறாள், "டிவிங்க, டிவி" என்கிறாள். அவன் கேட்கவே இல்லை. மாமா திருநீற்றைப் போட்டுவிட்டார். முடிந்துவிட்டது. கேரட் ஏற்ற வந்த வண்டியிலேயே மிஷினை ஏற்றினான். போகும்போது என்னிடம் வந்து, "இனிமேயாச்சும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மதினி" என்றான். குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். என் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டான், கொடைக்கானல் போய் ரொம்பத் தேறிவிட்டான் என்று நினைத்தேன். வண்டி திரும்புகிற வரைக்கும் சிரித்த முகமாக நின்றேன். உள்ளே போய் அண்டாவை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

அது பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். வாங்கி வைத்திருந்த யூனிபாரத் துணியை எல்லாம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். "ஏங்க்கா, என்னாச்சு?" என்று கேட்டவர்களுக்கு, "தொலஞ்சது சனியன், இனிமே நிம்மதி" என்றேன். வாய்க்குப் பழகிய பேச்சு அவ்வளவு சீக்கிரம் போகுமா? அவர்களும் நல்லதாப் போச்சு என்றார்கள். டிவியில் படம் தெரியவில்லை, கூரை மேலே இருக்கிற டிஷ் குடையில் குரங்கு ஏறி உட்கார்ந்திருந்தது. அது இறங்கிய பிறகும் தெரியவில்லை.

இந்த வருஷம் விதைப்பூண்டு விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. போன வருஷத்துப் பூண்டு அழுகிப்போனதால் எங்களிடம் விதை இல்லை. காடு சும்மாக் கிடக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். வைகாசி நடுவில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் விதைப்பூண்டு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"வெத எங்கிட்டு இருந்துங்க வந்துச்சு?"

"வந்துச்சு," என்றார். மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் பேச்சே அவ்வளவுதான், நானும் தோண்டிக் கேட்கவில்லை. நட்டோம். ஆனி பிறந்ததும் களை மண்டியது. களைக்கு ஆள் வைக்கக் கையில் காசு இல்லை.

"இந்த ஒரு போகம் மட்டும் பாத்துக்க அன்னம்," என்றார். அன்னக்கொடி என்ற பேரை அவர் அன்னம் என்று சுருக்கினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

மிஷின் இருந்தபோது மறுத்திருக்கலாம். கையில் துணி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இப்போது என்ன சொல்லி மறுக்க? வெள்ளனே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்கு இறங்கினேன். முதல் பாத்தி முடிவதற்குள் முதுகில் வலி எழுந்து காலுக்கு இறங்கிவிட்டது. மண்டி போட்டு எடுத்தேன். பக்கத்துக் காட்டுக் காளியாயி, "என்னக்கா, சாமி கும்புடுற மாதிரி இருக்கு" என்றாள். சிரித்தேன். சிரிக்கத் தெம்பு இருந்த கடைசி நாள் அதுதான். பிறகு வந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வேன். நிமிர்ந்து படுக்க முடியாது, ஒருக்களித்தும் முடியாது. எதற்காக இப்படி இருக்கிறோம் என்று அலுப்பாக இருக்கும். அழுகைகூட வராது, அதற்கும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள்தான் தீர்மானம் செய்தேன். திருநீறு போட்டது போட்டதாகவே இருக்கட்டும். மிஷின் அவனுடையது. ஆனால் அவன் வீட்டில் சும்மாத்தானே கிடக்கும், வாடகைக்குத் தா என்று கேட்டால் பங்கு கேட்டதாக ஆகாது. தாரணியிடம் தனியாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறேன் என்றேன்.

"மழையா இருக்கே. அடுத்த வாரம் போவம்," என்றார் அவர்.

"நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"நானே வாங்கியாறேன் அன்னம், நீ எதுக்கு அம்புட்டுத் தூரம்."

அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை என்று ஒவ்வொரு வளைவுக்கும் முதுகைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன்.

தாரணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடைக்கானலில் ஆனி மாசத்தில் துணி காயப்போடுகிறவளுக்கு நம்பிக்கை அதிகம். "வாங்கக்கா" என்று உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள். ஒரே அறை, ஒரு அடுப்படி. கண்ணால் சுற்றிப் பார்த்தேன். ஓட்டைத் தவலையில் ரோஜாச் செடி வைத்திருந்தாள். பெஞ்சு இருந்தது. மிஷினைக் காணவில்லை.

"மிஷினு எங்கிட்டு கெடக்கு தாரணி?"

"எந்த மிஷினுக்கா?"

"என் மிஷினு. அதான், ஒங்க பங்குல வந்த மிஷினு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நெஜமாவே ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அது இந்த வீட்டுக்கே வரலைங்க்கா. அன்னைக்கே நேரா கீழ ரோட்டு காபி ஷாப்புக்குப் போயிருச்சு. மிஷின் ஸ்டாண்டுல டேபிள் போடுறாங்க, நல்ல ரேட்டு தர்றாங்கன்னு அவங்க அண்ணன் இங்க வந்திருந்தப்ப இவரு சொல்லியிருக்காரு. ஒங்க வீட்டுக்காரருதான், மிஷினு இருக்குற பங்க நீ எடு, வித்துக் காச எனக்குக் குடு, வெதைக்கு வேணும்னாராம். நாங்க அந்தக் காசுல ஒத்த ரூவா தொடலக்கா. டிவியும் போச்சு, அண்டாவும் போச்சு, எங்கப்பா வீட்டுல என்னைய கேலி பேசுறாங்க."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"சக்தி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தாரணி."

"கேட்டாருக்கா, அன்னைக்குக் காலைல பஸ்ஸ விட்டு எறங்குனதும் அவங்க அண்ணங்கிட்ட. மதினிக்குச் சம்மதமான்னு. அவளே அத எடுத்துக் குப்பையோட வச்சிருக்கான்னாராம். இவருக்கும் ஒங்க முதுகு நெனப்புத்தான். எப்ப வந்தாலும் சனியன் சனியன்னு நீங்கதான வைவீங்க. போயிட்டாச் சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சாரு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. நான் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் அவர் பங்கு வைத்து முடித்திருந்தார். டிரங்குப் பெட்டியை அங்கிட்டே வைக்கவா என்று கேட்டாரே, அந்தக் குரல் காதில் வந்தது. இத்தனை நாளாக நான் மண்டி போட்டுக் களை எடுத்தது என் மிஷினுக்குத்தான். அதை விற்று மண்ணுக்குள் போட்டு, அது முளைத்ததும் என்னைக் கூப்பிட்டுக் குனிய வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான். அந்த இடத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது.

பார்த்துவிட்டாவது போகலாம் என்று கீழ ரோட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளைகள் போலச் சிலர். ஜன்னலோரத்தில் என் மிஷினின் கால் நின்றது. பலகையை எடுத்துவிட்டு மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒரு பெண் காபி குடித்துக்கொண்டே ஷூக் காலால் மிதியை மிதித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் நன்றாகத்தான் சுற்றியது, பெல்ட் இல்லை. எண்ணெய் போட்டிருப்பார்கள் போல, சத்தமே இல்லை. தலையைத் தேடினேன். சுவர்ப் பலகையில், தொட்டிச் செடிகளுக்கு நடுவில் இருந்தது. ஊசிக்கம்பி, சக்கரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தங்கப் பெயிண்டு அடித்திருந்தார்கள். இனி அது அசையாது.

முதலாளி ராஜமுருகன் என்று ஒரு தம்பி, மரியாதையான பையன்தான், எழுந்து வந்தார். "உக்காருங்கம்மா, என்ன வேணும்?" என்றார்.

"இந்த மிஷினு என்ன வெல?"

"இது சேல்ஸுக்கு இல்லம்மா, ஆன்ட்டிக். இந்தக் காலுக்குத்தான் இப்ப டிமாண்டு. ஹெட்டு சும்மா ஷோவுக்கு வச்சிருக்கோம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுதாம்மா? சக்தி அண்ணன் வீடா?" என்றார். ஆமாம் என்றதும் அவருக்கு ஒரே உற்சாகம். "இதுக்கு ஏதாவது ஸ்டோரி இருந்தா சொல்லுங்கம்மா. கார்டுல எழுதி டேபிள்ல வைப்போம். கெஸ்ட்டுங்க ரொம்ப விரும்புவாங்க. ஸ்டோரி இருந்தா பீஸோட வேல்யூவே வேற."

அடகுக்காரர் தலைக்குக் கொடுத்தார், இவர் காலுக்குக் கொடுக்கிறார், இப்போது கதைக்கும் விலை வந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து தைத்தவளுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் விலை கேட்டதில்லை.

"கதை வேணும்னா எங்க வீட்டுக்காரரக் கேளுங்க தம்பி. அவரு நல்லாச் சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக யோசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன பதில் சொல்லுவார் என்பதும் எனக்கே தெரிந்தது. பூண்டியில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் காட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அவர் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் எடுத்தது போகக் களை இன்னும் பாதிக் காட்டுக்கு நின்றது. கற்சுவர் மேல் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸு வெரசா வந்திருச்சா?"

"வந்துச்சுங்க."

"மாத்திரை குடுத்தாங்களா?"

"தாரணியப் பாத்தேன்."

மண்வெட்டி நின்றது. என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"வெத இல்ல. காடு தரிசாக் கெடந்தா என்னத்தத் திங்க? ஒங்கிட்டக் கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"சரிங்க."

சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். சண்டைக்கு எழுந்து நிற்க வேண்டும். எனக்கு முடியவில்லை. அவர் ரெண்டு எட்டு பக்கத்தில் வந்தார்.

"பூண்டு எடுத்ததும் மோட்டாரு வச்ச புது மிஷினே வாங்கித் தாரேன் அன்னம். முருகன் மேல ஆணையா."

"பூண்டு வெல எறங்குனா?"

பூண்டு விலை முருகன் கையிலும் இல்லை.

"களை எடுங்க," என்றேன்.

"நாளைக்குச் சேந்து எடுப்பம். இப்ப வீட்டுக்கு வா."

"இப்ப எடுங்க. நான் இனிமே இந்தக் காட்டுல குனியமாட்டேன். நாளைக்கும் மாட்டேன், பூண்டு புடுங்கவும் மாட்டேன். இது என் மிஷினு போட்ட காடு. நான் இதுல உக்காந்திருப்பேன். நீங்க எடுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு வேண்டியதை வேண்டும் என்றோ, வேண்டாததை வேண்டாம் என்றோ நான் நேராகச் சொல்லி அவர் கேட்டதில்லை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். முழங்காலில் கையை ஊன்றித்தான் குனிய முடிந்தது. அவருக்கும் வயசாகிவிட்டது.

காளியாயி கூடையோடு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றாள்.

"என்னக்கா, அண்ணன் களை எடுக்குறாரு, நீ உக்காந்துட்ட?"

"ஆமா, உக்காந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் ஒவ்வொரு களையாகப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டே நகர்ந்தார். பாத்தியின் பாதியில் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பாவமாகத்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.